ஒன்பது மாதமாகியும் யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை

கேள்வி: என் கணவர் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செவிலியர். சென்ற செப்டம்பரில் லெஸ்டர் நகரத்திலிருந்து நானூறு பேர் வசிக்கும் ஒரு கிராமத்துக்குக் குடிவந்தோம். மகனுக்கு ஆறு வயது. எதிரே வருகிற எல்லோரும் சிரிக்கிறார்கள், மழை வெயில் பற்றிப் பேசுகிறார்கள், அதோடு சரி. பக்கத்து வீட்டு அம்மா 'ஒரு நாள் டீக்கு வாங்க' என்று நாலைந்து முறை சொன்னார், கூப்பிடவே இல்லை. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் கொடுத்தேன். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து டப்பாவைக் கழுவி நன்றி அட்டையோடு எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார். பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் ஒரு கும்பலாக நிற்கிறார்கள், நான் தனியாக நிற்கிறேன். எங்கள் நிறம்தான் காரணமா? திரும்ப லெஸ்டருக்கே போய்விடலாமா என்று இருக்கிறது. ஜூலையில் ஊர் விழாவுக்கு கேக் வேறு கேட்டிருக்கிறார்கள், எனக்கு கேக் செய்யவே வராது. — பெயர் வேண்டாம், நார்ஃபோக்

பதில்:

அன்புச் சகோதரி, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'கேக் வேறு கேட்டிருக்கிறார்கள்' என்று, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கிலாந்தின் கிராமங்களில் ஒருவரை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதன் முதல் அடையாளம், வீட்டுக்கு அழைப்பது அல்ல, வேலை கொடுப்பது. நம் ஊரில் முதலில் வீட்டுக்குள் வந்து காபி குடித்துப் பழகிய பிறகு கோயில் திருவிழாவில் வேலையைப் பகிர்ந்துகொள்வோம். அங்கே வரிசை தலைகீழ். முதலில் சேர்ந்து மேசை தூக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், அதுவும் பல மாதங்கள். சமையலறைக்குள் நுழைவது கடைசிப் படி.

நீங்கள் போன காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். செப்டம்பரில் குடியேறினால் கண்மூடித் திறப்பதற்குள் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். டிசம்பரில் நார்ஃபோக்கில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். தெருவிளக்கே இல்லாத கிராமங்கள் அங்கே நிறைய. மார்ச் வரை பலர் வேலைவிட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைதான் வெளியே தலைகாட்டுவார்கள். ஆக, உங்கள் ஒன்பது மாதத்தில் ஊர் விழித்திருந்தது மூன்று, நான்கு மாதம்தான்.

டீ அழைப்பை எடுத்துக்கொள்வோம். நாளும் மணியும் சொல்லாத அழைப்பை அங்கே யாரும் அழைப்பாகக் கணக்கில் வைப்பதில்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை; உங்களோடு நல்ல முகம் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறார், அவ்வளவுதான். அடுத்த முறை சொன்னால் அங்கேயே நாளைப் போட்டுவிடுங்கள்: 'சந்தோஷம், வியாழக்கிழமை பத்தரைக்கு உங்களுக்குச் சரிவருமா? இல்லாவிட்டால் என் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்.' நாளைச் சொன்ன பிறகும் அவர் மழுப்பினால் இரண்டு மாதத்துக்கு விட்டுவிடுங்கள்.

டப்பா விஷயத்தில் அந்த அம்மா எந்தக் குறையும் வைக்கவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நமக்கு. கழுவித் துடைத்து, கைப்பட நாலு வரி எழுதிய அட்டையோடு கொடுப்பது அவர்களுக்கு. அட்டை வாங்கி எழுதிவைக்கிற அளவுக்கு மெனக்கெட்டிருக்கிறார். கூப்பிட்டு மணியடிக்காமல் படியில் வைத்தது, உங்கள் நேரத்தில் குறுக்கிட வேண்டாம் என்று. ஆனால் டப்பா நிறையக் கொடுக்காதீர்கள். பெரிய பரிசு, திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற சங்கடத்தை அவர்களுக்கு உண்டாக்கும். ஒரு சின்னத் தட்டில் நாலு துண்டு, அதுவும் ஒரு காரணத்தோடு, போதும். அதைவிட நல்ல வழி, நீங்கள் அவரிடம் ஏதாவது சின்ன உதவி கேட்பது. எந்த நிறக் குப்பைத் தொட்டியை எந்த வாரம் வெளியே வைப்பது, தக்காளி நாற்றை எப்போது வெளியே நடலாம் (கடைசி உறைபனி போன பிறகு, மே கடைசியில் என்பார்), யாரிடம் ஏணி இருக்கும் என்று. தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் வாசலில் நின்று பேசாத ஆங்கிலேயர் குறைவு.

இனி வேலை. உங்கள் ஊரில் வில்லேஜ் ஹால் என்கிற பொதுமண்டபம் இருக்கும். அது ஊர்க்காரர்களே குழு வைத்து நடத்துகிற அறக்கட்டளையாக இருக்கும் பெரும்பாலும். அதன் அறிவிப்புப் பலகையையும், வீட்டுக்கு வீடு போடுகிற மாத இதழையும் எடுத்துப் பாருங்கள். ஊர்க்காரர்கள் கூடிக் காபி குடிக்கிற வாராந்தர காஃபி மார்னிங் ஒன்று பெரும்பாலும் இருக்கும், பத்திலிருந்து பன்னிரண்டு வரை. விருந்தாளியாகப் போய் மேசையில் உட்காராதீர்கள். ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், அந்த மேசைகளுக்குள் நுழைவது கஷ்டம். ஒன்பதேகாலுக்குப் போய் 'என்ன செய்யட்டும்?' என்று கேளுங்கள். இருபது லிட்டர் வெந்நீர்க் கலன் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்க நாற்பது நிமிடமாவது ஆகும். அதை நிரப்பிப் போடுவது முதல் வேலை. பிறகு கோப்பை அடுக்குவது, பால் ஜாடி, சர்க்கரை. முடிந்த பிறகு இன்னும் முக்கியம்: கோப்பை துடைத்து ஈரமான டீத்துண்டுகள் (டீ டவல்) ஒரு மூட்டை இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அறுபது டிகிரியில் துவைத்து, மடித்து, அடுத்த வாரம் கொண்டுவருவது யாருக்கும் பிடிக்காத வேலை. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் உங்கள் பெயர் ஊருக்கே தெரிந்திருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் வராவிட்டால் குறை தெரிகிற வேலையாகப் பார்த்து எடுங்கள். இருபது பேரில் ஒருவராகச் சும்மா போய்வருகிற இடத்தில், ஒரு வாரம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. டீத்துண்டு இல்லையென்றால் உடனே 'உடம்பு சரியில்லையா?' என்று செய்தி வரும். அந்தச் செய்திதான் நட்பின் ஆரம்பம். சின்ன வேலை, நிரந்தரமான நாள், தவறாத நேரம். வர முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். இருக்கிற ரோட்டாவில் (யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல்) ஒரு வரி உங்களுடையதாகட்டும். நாலு வரி வேண்டாம். ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் கை தூக்கி, மூன்றாம் மாதம் களைத்து விலகுகிறவர்களை ஊர் மறப்பதில்லை.

இப்போது விழா. ஃபேட் என்று சொல்கிற இந்தக் கோடைவிழாவில் கேக் மேசை, செடி மேசை, பழைய சாமான் மேசை, டோம்போலா, ராஃபிள் என்கிற பரிசுச்சீட்டுக் குலுக்கல்கள் எல்லாம் இருக்கும். கேக் மேசையில் முதல் முக்கால் மணி நேரத்திலேயே பாதி காலியாகிவிடும், எனவே உங்கள் கேக் சுமாராக வந்தாலும் விற்றுப்போகும். கவலை வேண்டாம். ஒன்றை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்: கேட்டது விற்பனை மேசைக்கா, போட்டிக்கா? போட்டியென்றால் அதன் விதி அட்டவணையில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டும்.

முட்டை சேர்ப்பீர்கள் என்றால் விக்டோரியா சாண்ட்விச் என்கிற கேக்கைச் செய்யுங்கள். மூன்று முட்டையை ஓட்டோடு தராசில் வையுங்கள். 180 கிராம் வந்தால் வெண்ணெய் 180, கேஸ்டர் சர்க்கரை (மிக நைசான சர்க்கரை) 180, செல்ஃப் ரெய்ஸிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வருகிற மாவு) 180. வெண்ணெயும் முட்டையும் முந்தைய இரவே வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துபோகும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்துப் பஞ்சுபோல ஆகும்வரை ஐந்து நிமிடமாவது அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் மாவைச் சலித்துக் கரண்டியால் மடித்து விடுங்கள், இயந்திரத்தால் அல்ல. 18 சென்டிமீட்டர் வட்டத் தட்டுகள் இரண்டு, அடியில் தாள். அடுப்பு (ஓவன்) 180 டிகிரி, விசிறி வைத்த ஓவனென்றால் 160. நடுத்தட்டில் 20 முதல் 25 நிமிடம். முதல் கால் மணிக்குக் கதவைத் திறந்தால் நடுவில் அமுங்கும். சூடு அதிகமானால் நடுவில் குவிந்து வெடிக்கும். ஆறிய பிறகு இரண்டுக்கும் நடுவில் ராஸ்பெர்ரி ஜாம், மேலே கேஸ்டர் சர்க்கரை தூவல். அவ்வளவே. கிரீம், ஐஸிங் எதுவும் கூடாது. போட்டியில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும், விற்பனை மேசையில் ஜூலை வெயிலில் கெட்டுப்போகும். ஆற வைக்கிற கம்பித் தட்டின் கோடு மேல்பக்கத்தில் பதிந்தால்கூட நடுவர்கள் குறைப்பார்கள், ஆகவே ஒரு துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். ஒரு முறை வீட்டுக்குச் செய்து பார்த்துவிட்டு விழாவுக்குச் செய்யுங்கள்.

கேக்கோடு கூடவே முறுக்கும் கொடுங்கள் என்பேன். தெளிவான பையில் நூறு கிராம் வீதம் பத்துப் பை போதும். கேசரி, பாயசம் மாதிரி கரண்டி கேட்கிற எதுவும் வேண்டாம், கையில் எடுத்து நடந்துகொண்டே சாப்பிடுவதுதான் விற்கும். ஒவ்வொரு பையிலும் பெயர், காரமா இல்லையா, என்னென்ன போட்டது என்று எழுதி ஒட்டுங்கள். அங்கே ஒவ்வாமைப் பொருட்கள் என்று 14 வகை குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் நம் சமையலறையில் இருப்பவை பல: கடுகு, எள், வேர்க்கடலை, முந்திரி, பால், நெய். முறுக்கு அரிசி மாவு, உளுந்து மாவு என்பதால் கோதுமை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு முறை தர்மகாரியத்துக்குச் செய்து கொடுக்கிற வீட்டுப் பலகாரத்துக்கு உணவு வியாபாரப் பதிவு தேவையில்லை. மாதாமாதம் முறையாக விற்கத் தொடங்கினால் பதிய வேண்டிவரும். விலையை மேசைக்காரரே வைக்கட்டும்.

விழா நாளில் இன்னும் ஒன்று. நாலு மணிக்கு ராஃபிள் குலுக்கி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். கூடாரம் பிரிக்க, மேசை மடக்க, நாற்காலி ஏற்ற நாலு கை இருக்காது. கணவருக்கு அன்று பணி இல்லையென்றால் இருவரும் அந்த ஒன்றரை மணி நேரம் நில்லுங்கள். எல்லாம் முடிந்து மிச்சமிருக்கிற கேக்கோடு புல்லில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள் பாருங்கள், ஊரில் முடிவெடுக்கிற ஏழெட்டுப் பேரும் அங்கேதான் இருப்பார்கள்.

அக்கம்பக்கத்து உறவில் ஒரு படிவரிசை உண்டு, அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. கை அசைப்பது, பெயர் தெரிவது, பார்சல் வாங்கி வைப்பது, ஊருக்குப் போகும்போது பூனைக்குச் சோறு வைப்பது, சாவி கொடுத்து வைப்பது. பார்சலை இன்றே தொடங்கலாம்: 'நான் பகலில் வீட்டில்தான் இருப்பேன், உங்களுக்கு வருவதை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.' யாராவது மார்மலேடோ சட்னியோ கொடுத்தால் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி, மூடியோடு திருப்பிக் கொடுங்கள். ஜாம் போடுகிறவர்களுக்குப் பாட்டில் எப்போதும் போதாது. உங்கள் வீட்டில் குழாய் எரிவாயு இல்லாமல் மண்ணெண்ணெய்த் தொட்டியால் சூடாக்குகிறீர்கள் என்றால், ஊரில் சேர்ந்து எண்ணெய் வாங்குகிற குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியாக வாங்கினால் வழக்கமாகக் குறைந்தது 500 லிட்டர் வாங்கச் சொல்வார்கள். பத்து வீடு சேர்ந்து ஒரே நாளில் லாரி வரவழைத்தால் விலையும் குறையும், பத்து வீட்டாரையும் தெரிந்துகொள்வீர்கள். ஒற்றைத்தடச் சாலையில் எதிர்க் கார் ஒதுங்கி நின்றால் கை தூக்காமல் போகாதீர்கள். குதிரை வந்தால் மணிக்குப் பத்து மைலுக்குள், இரண்டு மீட்டர் தள்ளிப் போங்கள். அந்தக் குதிரைமேல் இருப்பவர் உங்கள் மகனுடைய ஆசிரியையாக இருக்க வாய்ப்பு உண்டு. கிராமத்தில் காரின் நம்பரே ஒருவருடைய முகம்.

நீங்கள் அழைக்கும்போது இரவு விருந்தில் ஆரம்பிக்க வேண்டாம். காலை பத்தரை, ஒரு மணி நேரம், இரண்டு அல்லது மூன்று பேர். ஒரு வாரம் முன்பே சின்னக் கடிதம் எழுதிக் கதவுத் துளையில் போட்டுவிடுங்கள். சாப்பிடக் கூடாதது ஏதாவது உண்டா என்று அதிலேயே கேளுங்கள். வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை என்றால் அதையும் முன்பே சொல்லி, வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். எழுபது வயதுக்காரர் நின்றுகொண்டு ஷூ கயிறு அவிழ்க்க முடியாது. இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முறைக்குமேல் சொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம்தான்.

பள்ளி வாசல் கும்பலை உடைக்க முயல வேண்டாம். அவர்களில் பாதிப்பேர் அதே பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களாக இருப்பார்கள். மகன் யாரோடு விளையாடுகிறான் என்று கேட்டு, அந்த ஒரு குழந்தையின் அம்மாவிடம் மட்டும் பேசி, ஒரு மாலை மூன்றரையிலிருந்து ஐந்தரைவரை விளையாட அழையுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். பிறந்தநாள் அழைப்பு மூன்று வாரம் முன்பே போக வேண்டும். வகுப்பில் பாதிக்குமேல் அழைத்தால் எல்லோரையும் அழைத்துவிடுவது நல்லது.

பப்புக்குப் போகக் குடிக்க வேண்டியதில்லை. லைம் அண்ட் சோடா கேட்டால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். மேசையில் காத்திருக்காமல் கவுண்டரில் வாங்க வேண்டும். ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குகிற வழக்கத்தில் மாட்ட விருப்பமில்லையென்றால், 'ஒன்றுதான் குடிக்கப் போகிறேன், எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். வினாடிவினா இரவுதான் உங்கள் கணவருக்குச் சரி. அணியில் ஆள் குறைந்தால் யாரையும் இழுத்துப்போட்டுக்கொள்வார்கள். உங்களுக்குப் பெண்கள் குழு வேண்டுமென்றால் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் கிளை பக்கத்தில் இருக்கும். பிரிட்டனில் 1915இல் வேல்ஸின் ஆங்கல்சீ தீவில் தொடங்கியது. மாதம் ஒரு கூட்டம், சந்தா கட்டுமுன் விருந்தினராக வந்து பார்க்கலாம்.

உங்கள் ஊர் தேவாலயத்தில் ஆறு மணியோ எட்டு மணியோ தொங்கினால், அதைக் கொஞ்சம் யோசியுங்கள். கயிறு இழுத்து மணியடிக்கப் பெரும்பாலான ஊர்களில் மதம் கேட்பதில்லை. ஆள் பஞ்சம் அப்படி. ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் வேண்டும், ஒருவர் இல்லையென்றால் அன்றைய வரிசையே கெடும். வராவிட்டால் குறை தெரிகிற வேலை என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. தனியாகக் கயிற்றைக் கையாளவே பத்துப் பதினைந்து மணி நேரப் பயிற்சி ஆகும். பலம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். வாயைத் திறந்தபடி மேல்நோக்கி நிறுத்தியிருக்கிற மணியின் கயிற்றை மட்டும் சொல்லிக்கொடுப்பவர் இல்லாமல் தொடவே கூடாது. இழுத்துவிட்டால் ஆளையே தூக்கிவிடும்.

கெடுக்கிற காரியங்கள் சில. முதல் வருடத்தில் 'லெஸ்டரில் இப்படிச் செய்வார்கள்' என்று ஆலோசனை சொல்வது. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் குறை பேசுவது. அந்த இன்னொருவர் மச்சினியாக இருப்பார். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கார் நிறுத்துவது பற்றிப் புகார் எழுதுவது. பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி மன்றம்) கூட்டத்துக்குப் போகலாம். மூன்று முழு நாளுக்கு முன்பே பலகையில் அறிவிப்பு ஒட்டுவார்கள், பொதுமக்கள் பேசப் பெரும்பாலும் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். ஆனால் முதல் முறை போகும்போது புகாரோடு போகாதீர்கள். வாக்காளர் பட்டியலில் பதிந்துவிடுங்கள்: இந்தியர், இலங்கையர் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் செல்லுபடியாகும் விசாவோடு வாக்களிக்கலாம், உங்கள் ஊர் பாஸ்போர்ட்டே அடையாளமாகச் செல்லும்.

நிறம் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் எழுதிய எதிலும் அது தெரியவில்லை. லண்டனிலிருந்து வந்து இருபது வருடம் வாழ்கிற வெள்ளைக்காரரையும் அந்த ஊர் 'வந்தவர்' என்றுதான் சொல்லும். ஆனால் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் சொல்கிற வணக்கம் உங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வராமலிருந்தாலோ, உங்கள் நாட்டைக் குத்தி யாராவது பேசினாலோ, வகுப்பில் எல்லோருக்கும் வந்த அழைப்பு மகனுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை வராமல் போனாலோ, அது கூச்சம் அல்ல. தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். பள்ளி விஷயமென்றால் தலைமையாசிரியருக்கு எழுத்தில். வசையோ மிரட்டலோ என்றால் காவல்துறைக்கு 101, ஆபத்து உடனடி என்றால் 999. பொறுத்துப் போக வேண்டிய விஷயமில்லை அது.

லெஸ்டர் முடிவை அடுத்த ஜூன் வரை தள்ளிப்போடுங்கள், ஒரு முழுக் கோடையும் ஒரு குளிர்காலமும் ரோட்டாவில் பெயர் இருந்த பிறகு யோசிக்கலாம். அதற்கு நடுவே மாதம் ஒரு முறை லெஸ்டருக்குப் போய் நம் ஆட்களோடு தமிழில் பேசிவிட்டு வாருங்கள். அதை விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. கணவரின் வேலை விசாவோ அவரைச் சார்ந்து உங்களுக்குக் கிடைத்த விசாவோ தன்னார்வ வேலைக்குத் தடையில்லை. பள்ளியில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டப் போனால் மட்டும் டிபிஎஸ் என்கிற குற்றப்பின்னணிச் சோதனை கேட்பார்கள். அதைப் பள்ளியே போட்டுக்கொடுக்கும், தன்னார்வலருக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. சில வாரம் ஆகலாம் என்பதால் செப்டம்பரில் தொடங்க ஆசையென்றால் கோடை விடுமுறைக்கு முன்பே அலுவலகத்தில் படிவம் கேளுங்கள்.